₹3,000-க்கு மடக்குக் கத்தி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

₹3,000-க்குள் நல்ல மடக்குக் கத்தி ஒன்று வேண்டும். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, மாடித் தோட்டத்தில் கயிறு அறுக்க. ஆன்லைனில் ₹300-க்கும் இருக்கிறது, ₹15,000-க்கும் இருக்கிறது. ‘டி2 ஸ்டீல்’ என்று போட்டிருப்பதை வாங்கலாமா? முடிந்தால் அப்பாவுக்கும் ஒன்று, அவருக்கு விரல் மூட்டுவலி. இதுதான் உங்கள் கேள்வி. எந்தக் கம்பெனி என்று கேட்பது போல இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த விலை வரைக்கும் கொடுக்கிற காசு கத்தியில் போய்ச் சேருகிறது, எங்கிருந்து அது வெறும் பெருமைக்குப் போகிறது என்பதுதான் அது. இரும்பைச் சூடாக்கிக் குளிர வைத்துப் பதம் போடும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் இதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். நாங்கள் பதம் போட்டது பெரும்பாலும் பஞ்ச், டை, கட்டர் போன்ற, உலோகத்தை வெட்டும் பட்டறைச் சாமான்கள். ஆனால் கத்தியின் அலகும் உலைக்குள் போனால் அதே விதிகளுக்குத்தான் கட்டுப்படும்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்தது. கத்தி நன்றாக வெட்டுமா என்பதை இரும்பின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதே வெல்லம்தான், பாகு பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், இரும்பும் அப்படித்தான். கத்திக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உள்ளே இருக்கும் கார்பன் கரையும் வரை வைத்திருந்து, சட்டென்று குளிர வைத்து, பிறகு 200 டிகிரியை ஒட்டி மறுபடி இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். சூடு குறைந்தால் கார்பன் முழுதாகக் கரையாது, அலகு மெத்தென்று இருக்கும். சூடு அதிகமானால் இரும்பின் உள்ளே இருக்கும் நுண்மணிகள் பருத்து விளிம்பு நொறுங்கும். சில சமயம் கடினமும் எதிர்பார்த்தபடி ஏறாது. ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு அலகுகளில் ஒன்று ராக்வெல் ‘சி’ என்ற கடினத்தன்மை அளவில் 58-ம் மற்றது 53-ம் காட்டலாம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எனக்கும் வழி தெரியாது. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் அழுத்தி, குழி எவ்வளவு ஆழம் விழுகிறது என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. எந்தக் கடைக்காரரும் விற்கிற கத்தியில் குழி போட விடமாட்டார்.

அதனால் வாங்குபவருக்கு இருக்கும் ஒரே பிடிமானம், செய்பவர் ஆண்டுக்கணக்காக ஒரே மாதிரிப் பதம் போடுகிறாரா என்பதுதான். தெரிந்த பெயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருப்பது இந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே. ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியான விக்டோரிநாக்ஸ் தன் சிவப்புக் கத்திகளின் அலகைச் சுமார் 56-ல் வைக்கிறது. அதே கத்தியில் இருக்கும் ரம்பமும் கத்தரிக்கோலும் 53, ஸ்க்ரூடிரைவரும் டின் திறப்பானும் 52, ஸ்பிரிங் 49. எங்களைப் போன்றவர்களுக்கு இது பார்க்கவே சந்தோஷமான பட்டியல். ஸ்க்ரூடிரைவர் கடினமாக இருந்தால் முனை தெறிக்கும், ஸ்பிரிங் கடினமாக இருந்தால் ஒடியும். ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்கேற்ற பதம் போட்டிருக்கிறார்கள். 56 என்பது இன்றைய கத்திப் பிரியர்களுக்கு ‘மென்மை’யாகத் தெரியும். வீட்டுக் கல்லில் சில நிமிடத்தில் தீட்டிவிடலாம் என்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

இரும்பின் பெயர் சுத்தமாகப் பயனில்லாததும் இல்லை. சீனக் கத்திகளில் ‘3சிஆர்13’, ‘8சிஆர்13மோவி’ என்று பொறித்திருப்பார்கள். முதல் எண்ணைப் பத்தால் வகுத்தால் கார்பன் சதவீதம். ‘சிஆர்’ என்பதற்குப் பின்னால் வருவது குரோமியம். 3சிஆர்13 என்றால் 0.3% கார்பன், 13% குரோமியம். துருப்பிடிக்காது, ஆனால் கூரும் நிற்காது. மேசைக் கத்திக்குச் சரி. 8சிஆர்13மோவி என்றால் 0.8% கார்பன், ஒழுங்காகப் பதம் போட்டால் நல்ல வேலைக்காரக் கத்தி. இன்னொரு ஸ்டெயின்லெஸ் வகை 440; ‘440’ என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். 440ஏ-வில் கார்பன் 0.6 முதல் 0.75%, 440சி-யில் 0.95 முதல் 1.2%. ‘சி’ போட்டவர் அந்த எழுத்தை மறைக்கமாட்டார். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது விளம்பரச் சொல், அதற்கு ஒரு குறிப்பிட்ட கலவை கிடையாது. ₹300 கத்தியில் அலைஅலையாகத் தெரியும் டமாஸ்கஸ் கோலம் (இரும்பை அடுக்கடுக்காக அடித்துச் செய்த அலகில் வருவது) பெரும்பாலும் லேசரில் போட்டது.

இனி டி2. இது எங்கள் தொழிலின் செல்லப்பிள்ளை. தகடு வெட்டும் பிரஸ் டூல் போடும் பட்டறை எதிலும் டி2 இல்லாமல் இருக்காது. சுமார் 1.5% கார்பன், 12% குரோமியம். ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகளாகிவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. முழு ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல முடியாது. எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கி ஈரத்தோடு மடக்கி வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். அட்டைப்பெட்டி அறுக்கிற வேலைதான் நாள் முழுக்க என்றால் டி2 நல்லது, அந்தக் கார்பைடுகள் தேய்மானத்தைத் தாங்கும். அதே கார்பைடுகள்தான் தீட்டும்போது உங்கள் பொறுமையையும் தேய்க்கும். பழமும் கயிறும் அறுக்கப் போகிற, இதுவரை கத்தி தீட்டிப் பழகாத ஒருவருக்கு டி2 வேண்டாம் என்பதே என் கருத்து.

பதத்துக்கு அடுத்து, என்னைக் கேட்டால் அதைவிடவும் முக்கியமானது, அலகு எவ்வளவு மெல்லியது என்பது. இதைத்தான் படம் பார்த்து வாங்குபவர்கள் தவறவிடுகிறார்கள். முதுகு 3.5 மில்லிமீட்டர் கனமாக இருக்கும், ராணுவப் பாணி ‘டாக்டிகல்’ கத்தியை எவ்வளவு தீட்டினாலும், ஆப்பிளில் பாதி இறங்கியதும் அது வெட்டுவதை விட்டுவிட்டுப் பழத்தைப் பிளக்கத் தொடங்கும். டப்பென்று சத்தம் கேட்கும். மெல்லிய அலகு சத்தமில்லாமல் இறங்கும். கடையில் கத்தியை விரித்து, முனையை உங்கள் பக்கத்திலிருந்து விலக்கிப் பிடித்து, முதுகின் வழியாக ஒருமுறை பாருங்கள். கூர் விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு பருமனாக இருக்கிறது என்று தெரியும். சற்றே மழுங்கிப்போன மெல்லிய கத்தி, புதிதாய்த் தீட்டிய கனத்த கத்தியைவிடச் சமையலறையில் நன்றாக வேலை செய்யும். இது கருத்து இல்லை, ஒரு கேரட்டை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்கள் பட்ஜெட்டில் நான் முதலில் சொல்வது ஓபினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய கத்தி. மரப்பிடி, ஒரு அலகு, ஓர் ஆணி, இரண்டு வளையம், அவ்வளவுதான். வேறு எதிலும் காசு போகவில்லை என்பதால் எல்லாம் அலகுக்கே போகிறது. அளவை எண்ணால் சொல்வார்கள்: எண் 8-ன் அலகு 8.5 செ.மீ., எண் 7-ன் அலகு 8 செ.மீ., எண் 6-ன் அலகு 7 செ.மீ. எண் 8 முழுக் கத்தியே 50 கிராமுக்குள்தான் இருக்கும். அலகை விரித்த நிலையில் பூட்டும் அந்த வளையம் 1955-ல் வந்தது. அதற்கு முன் பூட்டே கிடையாது. கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என இரண்டு வகை வரும். கார்பன் வகை சீக்கிரம் தீட்ட வரும், அதுதான் உயர்ந்தது என்று சாதிப்பவர்கள் உண்டு. தீட்டச் சுலபம் என்பது உண்மை. பழம் நறுக்கும்போது கூரில் வித்தியாசம் தெரியுமா என்றால், எனக்குத் தெரிந்ததில்லை. கார்பன் அலகில் மாங்காய்ப் புளிப்பு பட்டதும் கறுக்கும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும். கடற்கரையை ஒட்டிய ஊர் என்றால் துரு வேறு. ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

ஓபினெலில் ஒரு குறை உண்டு, அது நம் ஊரில் அதிகமாகவே தெரியும். பிடி பீச் (beech) மரம், பழம் தரும் பீச் அல்ல. ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பினால் அலகு இறுகிக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் வராது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கத்தி மடங்கியிருக்கும்போதே பிடியின் அடிக்கட்டையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார்கள், அலகு எட்டிப் பார்க்கும். மூட்டுப் பகுதியில் மெழுகு உருக்கி விட்டால் ஈரம் இறங்குவது குறையும். குழாயடியில் முழுக்கக் கழுவாமல் அலகை மட்டும் துடைக்கும் பழக்கமும் உதவும். இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது என்றால் பிளாஸ்டிக் பிடி போட்ட மாடலும் அதே கம்பெனியில் இருக்கிறது, விலை கொஞ்சம் கூடும்.

இரண்டாவது விக்டோரிநாக்ஸ். 1884-ல் ஸ்விட்சர்லாந்தின் ஈபாக்கில் கார்ல் எல்ஸ்னர் ஆரம்பித்த பட்டறை. 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். இதில் ஆசைப்பட்டு முப்பது கருவி உள்ளதை வாங்காதீர்கள். தடிமன் ஏறினால் சட்டைப்பையில் இருக்காது, பையில் இல்லாத கத்திக்கு எந்த விலையும் அதிக விலைதான். 84 அல்லது 91 மில்லிமீட்டர் அளவில், ஒரு பெரிய அலகு, டின் திறப்பான், கத்தரிக்கோல் இருந்தால் போதும். கத்தரிக்கோல் கட்டாயம் என்பேன். வாங்கிய பிறகு பலர் அலகைவிட அதைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். இவற்றின் அலகு ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது, பூட்டு கிடையாது. முனையால் குத்தித் திருகும் வேலைக்கு இது ஆகாது, விரல்மேல் மடங்கும். நறுக்க, அறுக்க மட்டும் என்றால் பூட்டு இல்லாதது ஒரு குறையே இல்லை. நடைபாதைக் கடையில் இதே சிவப்பில் ‘11 இன் 1’ என்று கிடைப்பது வேறு சரக்கு. அசலில் பெரிய அலகின் அடியில் கம்பெனிப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கும், ஒவ்வொரு கருவியும் டக்கென்று நிற்கும், மடக்கினால் இடைவெளி தெரியாது.

ஒரு கையால் திறக்கிற, லைனர் லாக் (பிடிக்குள் இருக்கும் தகடு நகர்ந்து வந்து அலகைப் பூட்டும் அமைப்பு) வைத்த சீனக் கத்திகளைப் பற்றியும் கேட்பீர்கள். அங்கே நல்லதும் இருக்கிறது. கான்சோ, சான்ரென்மு போன்ற பெயர்களில் வருபவை விலைக்கு மோசமில்லை. சிவிவி இன்னும் நேர்த்தி, ஆனால் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். ஒரே மாடலுக்குள்ளேயே கத்திக்குக் கத்தி தரம் மாறலாம் என்பதால் கையில் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மடக்கிய நிலையில் அலகு நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா என்று பாருங்கள். விரித்து, முனைப் பக்கம் கை படாமல் முதுகைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பூட்டுத் தகடு அலகின் அடிப்பகுதியில் வந்து உட்காரும் இடத்தைப் பாருங்கள். விளிம்பில் தொட்டும் தொடாமலும் நின்றால் வேண்டாம். முழுதாக மறுபக்கம் போய் முட்டி நின்றாலும் வேண்டாம், ஏற்கெனவே தேய்ந்தது போலத்தான். நான்கில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஏறியிருந்தால் நல்லது. ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே இதைப் பார்த்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவு செய்யுங்கள்.

விலை என்பது ஊருக்கு ஊர் மாறும் சங்கதி என்பதையும் நினைவில் வையுங்கள். பிரான்சில் ஓபினெல் மளிகைக்கடையில்கூடக் கிடைக்கும் சாதாரணக் கத்தி. ஜப்பானின் மிகி நகரத்தில் செய்யும் ஹிகோனோகாமியும் அந்த ஊரில் மலிவான கத்திதான். கப்பல் கூலி, சுங்கம், இடைத்தரகர் எல்லாம் ஏறி இங்கே வரும்போது அதுவே ஆடம்பரப் பொருள் ஆகிவிடுகிறது. அதனால் வெளிநாட்டு வீடியோவில் ‘விலைக்கு இதுதான் பெஸ்ட்’ என்று சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது. இரண்டு மூன்று கடையில் விலை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

₹15,000 கத்தியில் என்ன இருக்கிறது? டைட்டானியம் பிடி, பேரிங் வைத்த மூட்டு, இரும்புத்தூளை அழுத்திச் செய்யும் பவுடர் ஸ்டீல். பித்தளை வாஷருக்குப் பதில் பேரிங் இருந்தால் அலகு வழுக்கிக்கொண்டு திறக்கும், கையில் வைத்து விளையாட சுகமாக இருக்கும். ஆப்பிளுக்கு அது தெரியாது. பவுடர் ஸ்டீலில் வனேடியம் கார்பைடு அதிகம் இருந்தால் கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மை, ஆனால் தீட்ட வைரக்கல் வேண்டும். அந்தக் காசு வீண் என்று சொல்லவில்லை, கைக்கடிகாரத்துக்குச் செலவு செய்கிறவர்கள் இல்லையா? உங்கள் மூன்று வேலைக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

மிச்சக் காசில் ஒரு கல் வாங்குங்கள். என் கணக்கில் கத்தியின் விலையில் கல்லும் சேர்த்தி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கச் சாணைக்கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு, போதும். அலகைக் கல்லின்மேல் 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து ஒரு பக்கமாகவே தேயுங்கள், மறுபக்க விளிம்பு நெடுகிலும் பிசிர் எழும்பி விரல் நுனிக்குத் தட்டுப்படும் வரை. பிறகு பக்கம் மாற்றி அதையே செய்து, நைசுப் பக்கத்தில் மென்மையாகத் தேய்த்து, பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூரைப் பின்னிழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். தீட்டத் தெரியாதவர்கள் பாதிப் பேர் நிறுத்துவது பிசிர் எழும்பும் முன்பே. அதனால்தான் ‘எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லை’ என்கிறார்கள். தெருவில் சைக்கிள் சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இந்த மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாத சக்கரத்தில் நெருப்புப் பொறி பறக்கும்போது விளிம்பு நொடியில் சூடாகும். விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று, அதை அரைத்துத் தள்ளும் வரை கூர் நிற்காது. மூட்டுக்கு எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது, பழத்தில் பட்டாலும் பயமில்லை.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை; விதியில் எழுதியிருப்பதைத்தான் சொல்கிறேன். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வந்த 2016 விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கானவை அதில் வராது. மேலே சொன்ன எந்தக் கத்தியும் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆனால் டெல்லியில் தனி அறிவிக்கை உண்டு. பொத்தானை அழுத்தினால் திறப்பவை, ராம்பூர் கத்தி போலக் கரகரவென்று பல் ஏறித் திறப்பவை போன்ற இயந்திர வகைக் கத்திகளுக்கு, அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் கட்டுப்பாடு. ஸ்பிரிங்கில் பாயும் கத்தி எந்த ஊரிலும் வேண்டாம். வெட்டுவதற்கு அதில் கூடுதல் பயன் எதுவும் இல்லை, போலீஸ் சோதனையில் விளக்கம் சொல்லும் வேலைதான் கூடுதல். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். மெட்ரோ ரயிலில் போகும் அன்று வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இதைப் படிக்கும் லண்டன் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி 3 அங்குலத்துக்குள் உள்ள, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான். ஓபினெல் எண் 8 அளவிலும் பூட்டிலும் அதில் அடிபட்டுப் போகும்.

அப்புறம் அப்பா. மூட்டுவலி உள்ள விரலுக்கு விக்டோரிநாக்ஸ் ஸ்பிரிங்கை நகத்தால் இழுத்துத் திறப்பது கஷ்டம், புதிதில் ரொம்பவே இறுக்கமாக இருக்கும். ஓபினெலில் ஸ்பிரிங் கிடையாது, உராய்வு மட்டும்தான், அதனால் அலகு சுலபமாக வரும். ஆனால் வளையத்தைத் திருகுவதற்கு விரல் பலம் வேண்டும். வளையத்தைத் தொடாமல் பழம் மட்டும் நறுக்குகிறார் என்றால் பாதகமில்லை, எண் 6 கொடுக்கலாம். கட்டைவிரல் நுழையும் துளை வைத்த லைனர் லாக் கத்தியைத் திறப்பது எளிது, மூடும்போது கட்டைவிரலால் தகட்டைத் தள்ள வேண்டும், அங்கே சிலருக்கு வலிக்கும். இதில் எது அவருக்கு ஒத்துவரும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அவரையே கடைக்குக் கூட்டிப்போய், மூன்றையும் இரண்டிரண்டு முறை திறந்து மூடச் சொல்லுங்கள். மூன்றும் சரிப்படவில்லை என்றால் மடக்குக் கத்தியே வேண்டாம். உறை போட்ட சின்னப் பழக்கத்தி ஒன்று போதும், விலையும் மிகக் குறைவு.